பாதிப்பு இல்லாத ஊர்

– பேசக் கூடாதுன்னா பொறவு எதுக்கு மைக்க வச்சிருக்காவ? நான் கேக்கேன்.

– பெரியம்மா, மொதல்ல வண்டியில ஏறுங்க. இந்த வெயில்ல ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தா மயக்கம் வந்துரும்.

– வேண்டாம் மேடம். நான் நடந்தே பழகுனவ.

– மேடமா? நான் ஸ்வீட்லின். உங்க ஞானரத்தினம் வாத்தியார் மக.

– வாத்தியார் மகளுன்னுதான் நானும் இம்புட்டு நாளா நினைச்சிக்கிட்டிருந்தேன். இன்னைக்கி கருத்துக் கேக்குத கூட்டத்துல, மேடையில ஆபீசர்மாரோட உக்காந்திருந்தது யாரோ ஒரு மேடம்லா. நான் கையத் தூக்கித் தூக்கி தோள்பட்ட விட்டுப் போச்சு. அந்த மேடம் குனிஞ்ச தலய நிமிரல.

– ஏறுங்க பெரியம்மா. கெஞ்சிக் கேக்குறேன்.

– அக்கா, நான் சதீஷ். வாடகை வண்டி, மேடத்துக்கு ஓட்டுறேன். உள்ளதச் சொல்லணும்னா, உங்க ஊருக்கு இனி சாயந்தரம்தான் பஸ்சு. கோவத்த உள்ள உக்காந்தே காட்டலாம். ஏசி போட்டிருக்கேன், காட்டக் காட்டக் களைக்காது.

– இவன் நல்லாப் பேசுதான். சரி, ஏறுதேன். ஆனா உங்க சொகுசுக்கு ஏறல. முட்டி வலிக்கு ஏறுதேன்.

– தண்ணி குடிங்க பெரியம்மா.

– தண்ணி இருக்கட்டும். ஒண்ணு கேக்கேன், பதில் சொல்லு. கிருபாபுரம் தங்கபாய்னு பேரு குடுத்து, காலையில இருந்து வரிசையில உக்காந்திருந்தேன். என் மொறை வந்ததும் ஒருத்தன் வந்து, உங்க ஊரு பேச முடியாதும்மான்னுட்டான். ஏன்?

– பாதிப்பு உள்ள ஊர்க்காரங்க மட்டும்தான் இன்னைக்கி பேசலாம்னு உத்தரவு.

– எங்க ஊருக்கு?

– பாதிப்பு இல்லன்னு இருக்கு.

– எனக்குப் படிப்பு கிடையாது. நான் புரிஞ்சிக்கிட்டது சரியான்னு நீயே சொல்லு. ராஜபாளையத்துக்கு மேற்க, மலையடிவாரத்துல மருத்துவத் துணிப் பூங்கான்னு ஒண்ணு கட்டுதாவ. இனிமே பேண்டேஜ் துணி நெய்யுத தறி அம்புட்டும் அங்கதான் ஓடணும். ஊருக்குள்ள ஓடுத தறிக்கு கரண்டுச் சலுகைய நிப்பாட்டிருவாவ. சரியா?

– சரி.

– இதனால எந்த ஊருக்கு எம்புட்டுக் கஷ்டம்னு ஊர் ஊராப் போயி விசாரிச்சு எழுதணும். கஷ்டம்னு எழுதுன ஊருக்கு மட்டும் சலுகை தொடரும், தறி இருந்த இடத்துலயே ஓடும். சரியா?

– சரிதான் பெரியம்மா.

– கிருபாபுரத்துல வீட்டுக்கு வீடு தறி. நாங்க அந்தப் பூங்காவுக்குப் போவணும்னா ஆலங்குளம் வந்து, ராஜபாளையம் வந்து, அங்க இருந்து இன்னொரு பஸ்ஸு. புள்ளைக்குப் பால் குடுக்கவ எந்த பஸ்ஸுல போவா? இதுக்குப் பேரு பாதிப்பு இல்லையா? எழுதுனது யாரு?

– நான்தான்.

– கேட்டுக்கிட்டியாடே தம்பி? வாயால சொல்லுதா. வெக்கமே இல்லாம சொல்லுதா.

– உள்ளதச் சொல்லணும்னா அக்கா, நான் ரோட்டப் பாக்கேன். என்னய இழுக்காதிய.

– நானா எழுதல பெரியம்மா. கேட்டத எழுதுனேன். ஒவ்வொரு வீட்டுலயும் உக்காந்து கேட்டேன். தறி போனா உங்களுக்குக் கஷ்டமா, ஏதாவது குறை உண்டான்னு. உங்க வீட்டுலயும்தான் கேட்டேன். நீங்க என்ன சொன்னீங்க?

– என்ன சொன்னேன்?

– கர்த்தருடைய கிருபையால ஒரு குறையும் இல்லன்னு சொன்னீங்க. உங்க பக்கத்து வீட்டு பியூலாவும் அதத்தான் சொன்னா. ஐயாதுரை மாமா வீட்டுல, கடைசித் தெருவுல, எல்லா வீட்டுலயும் அதேதான். குறை இல்லன்னா, டேப்லெட்ல பாதிப்பு இல்லங்கிற பட்டனத்தான் நான் அமுக்கணும். நானா ஒண்ணு சேத்து எழுதக் கூடாது.

– அடி பாவி. நீ சென்னைக்காரியா? அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு உனக்குத் தெரியாதா?

– எனக்குத் தெரிஞ்சது வேற. எழுத வேண்டியது வேற.

– உங்க அப்பாவ அடக்கம் பண்ணுன அன்னைக்கி, கல்லறைத் தோட்டத்துல பாஸ்டர் ஐயா உங்க அம்மா கையப் பிடிச்சு, எப்படிம்மா இருக்கன்னு கேட்டாவல்லா. உங்க அம்மா என்ன சொன்னா?

– அத விடுங்க பெரியம்மா.

– சொல்லுட்டி. என்ன சொன்னா?

– ஒரு குறையும் இல்ல ஐயான்னு சொன்னா.

– அப்ப நீ அங்க நின்னு என்ன எழுதியிருப்ப? புருசன் செத்ததுல பாதிப்பு இல்லன்னா?

– மேடம், ஏசியக் கூட்டவா?

– வேண்டாம் சதீஷ். நீங்க ஓட்டுங்க.

– அழாத. நான்லா அழணும். பியூலா ஒரு தறிய ஏற்கனவே எடைக்குப் போட்டுட்டா, தெரியுமா? எப்படியும் சலுகை போவப் போவுது, துரு ஏறுததுக்கு முன்னால வித்துருவோம்னு. தொட்டில் கட்டுன இடத்துக்குப் பக்கத்துலதான் அந்தத் தறி நின்னுச்சு. சத்தம் நின்னதுல இருந்து அந்தப் பிள்ள தூங்க மாட்டேங்குதாம். அது அந்தச் சத்தத்துலயே தூங்கிப் பழகுன பிள்ள.

– எனக்கு அது தெரியாது.

– உனக்கு எதுதான் தெரியும்? இன்னைக்கி மைக்குல பேசுனவன் எல்லாம் யாரு? ராஜபாளையத்து மில்லுக்காரவிய. வக்கீலக் கூட்டிட்டு வந்திருக்காவ. அவியளுக்கு என்ன போட்டிருக்கு?

– பாதிப்பு மிக அதிகம்.

– எம்மாடி. பூங்காவுக்குப் பக்கத்துல இருக்கவனுக்கு மிக அதிகம். மூணு பஸ்ஸு மாறுத ஊருக்கு ஒண்ணும் இல்ல. நல்ல கணக்கு.

– உள்ளதச் சொல்லணும்னா அக்கா, என் மச்சான் ஒரு மில்லுல இருக்கான். கணக்கெடுக்க ஆள் வாரதுக்கு மொத நாளே எல்லாரையும் கூப்பிட்டு வச்சு ஒத்திகை பாத்திருக்காங்க. யாரு அழணும், யாரு கோவப்படணும்னு. இவனுக்கு மயக்கம் போடுற பார்ட்டு. நல்லா போட்டான்னு அன்னைக்கி ஸ்பெசல் டீ குடுத்திருக்காங்க.

– சிரிக்காத தம்பி. பொறவு அந்தப் பால்காரன் ஒருத்தன் பேசுனாம்லா. பூங்காவுக்கு லாரி போக்குவரத்து கூடும், கேன்ல பால் குலுங்கித் திரிஞ்சு போகும், பால்கோவா பதம் கெட்டுப் போகும்னு. அவனுக்கு?

– நடுத்தரப் பாதிப்பு.

– குலுங்குத பாலுக்கு நடுத்தரம். எங்களுக்கு ஒண்ணும் இல்ல. ஆக, அழத் தெரிஞ்சவனுக்குச் சர்க்கார் அழும். நாங்க வீட்டுக்கு வந்த பிள்ளைய நல்ல வார்த்த சொல்லி அனுப்புனோம், எங்க கரண்டப் பிடுங்கியாச்சு.

– நான் ஒண்ணு கேக்கலாமா பெரியம்மா?

– கேளு. கேக்கதுதான உன் சோலி.

– ஊருல வாயே திறக்காத ஆளு உண்டு, எதுக்கெடுத்தாலும் சண்டைக்கு நிக்கிற ஆளும் உண்டு. ஐயாதுரை மாமா கர்த்தர்கிட்டயே குறை சொல்லுற மனுசன். அவர்கூட அன்னைக்கி அதே வார்த்தய, அதே மாதிரி சொன்னார். வீட்டுக்கு வீடு ஒரே பதில். எனக்கு அப்பவே ஒரு மாதிரி இருந்துச்சு. யாராவது சொல்லிக் குடுத்தாங்களா?

– தம்பி, அந்த பால்கோவா கடைகிட்ட செத்த நேரம் நிப்பாட்டு.

– பெரியம்மா, கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.

– நிப்பாட்டுடே. காலையில கிளம்பையில பொம்பளையள் எல்லாம் பஸ்ஸுகிட்ட வந்து நின்னாளுவ. ஜெயிச்சிட்டு வாங்க சித்தி, வரும்போது பால்கோவா வாங்கிட்டு வாங்கன்னாளுவ. தோத்துட்டேன்னு வெறுங்கைய வீசிக்கிட்டுப் போவ முடியுமா? நீங்க இருங்க, நான் வாங்கிட்டு வாரேன்.

– பாத்து இறங்குங்க அக்கா, பின்னால வண்டி வருது.

– என்ன சதீஷ், அப்படிப் பாக்குறீங்க?

– ஒண்ணுமில்ல மேடம். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாம இறங்கிப் போகுறாங்கல்ல. உள்ளதச் சொல்லணும்னா, அக்காவுக்கு எதோ தெரியும்.

– இருங்க. சென்னையில இருந்து மெசேஜ் வந்திருக்கு. ஐயோ கடவுளே.

– என்ன மேடம்?

– சரிபார்ப்பு. நாங்க எழுதுனது நிசந்தானான்னு பாக்க, ஊருக்கு ஒருத்தரக் குலுக்கிப் போட்டு எடுத்து, ஆபீஸ்ல இருந்து போன் பண்ணுவாங்க. மெர்வின் சார்தான் பண்ணுவார். இன்னைக்கி கிருபாபுரம். வந்திருக்க பேரு தங்கபாய்.

– நம்ம அக்காவா? நல்லதுதான மேடம். உங்களத் திட்டுன மாதிரியே அவரையும் திட்டட்டும்.

– திட்டுனா ஊர் பிழைச்சிரும் சதீஷ். பதில் மாறுதுன்னு தெரிஞ்சா ஊர் முழுக்கத் திரும்பக் கேப்பாங்க. வேற ஆள் போவாங்க. கிருபாபுரத்துக்கு இருக்க ஒரே வழி இதுதான்.

– உங்களுக்கு?

– தப்பா எழுதுனேன்னு என்னய வேலைய விட்டு எடுத்திருவாங்க. எடுக்கட்டும். எங்க அம்மா சொன்ன வார்த்தைக்கு அர்த்தம் தெரிஞ்சும் பட்டன அமுக்குனவ நான். எடுக்கத்தான் செய்யணும்.

– அப்ப அக்காட்ட விசயத்தச் சொல்லிருங்க. போன் வரும், இப்படி இப்படிப் பேசுங்கன்னு.

– சொல்லவே கூடாது. அதுதான் சட்டம். கணக்கெடுத்தவங்க சரிபார்ப்புக்கு முன்னால அந்த ஆளப் பாத்துப் பேசுனாங்கன்னு தெரிஞ்சாலே போதும், சொல்லிக் குடுத்துட்டாங்கன்னு எழுதிருவாங்க. அவங்க சொல்லுற புதுப் பதில் செல்லாது. பழைய பதில்தான் நிக்கும், அதுக்குப் பொறவு யாரும் திரும்பக் கேக்க மாட்டாங்க.

– மேடம், அக்கா இப்ப நம்ம வண்டியிலல்ல வாராங்க.

– அதான் சதீஷ். ஏத்தும்போது எனக்குத் தெரியாதே. இப்ப இறக்கி விட்டா சாயந்தரம் வரைக்கும் ரோட்டுல நிப்பாங்க. போன் வந்ததும் எங்கயாவது ஓரமா நிப்பாட்டுங்க. நான் இறங்கி, என் குரல் கேக்காத தூரத்துல போயி நின்னுக்கிறேன். நீங்களும் வாயைத் திறக்காதீங்க. பக்கத்துல ஆள் இருக்குன்னு தெரிஞ்சா சந்தேகப்படுவாங்க.

– சரி மேடம். நான் கல்லு மாதிரி உக்காந்திருக்கேன்.

– வராங்க. பேசாதீங்க.

– இந்தா, ஆளுக்குக் கொஞ்சம் தின்னுங்க. சூடா இருக்கு. தம்பி, உனக்கும்தான்.

– நீங்க ஊருக்குக் கொண்டு போங்க பெரியம்மா.

– தின்னுட்டி. திட்டுன வாயாலயே சொல்லுதேன், தின்னு. வண்டிய எடு தம்பி.

– அப்ப நான் இனி மேடம் இல்லையா?

– கடையில நிக்கையில யோசிச்சுப் பாத்தேன். நீ கேட்டதுக்குப் பதில் சொல்லாம இறங்கிட்டேன். சொல்லிருதேன். சொல்லிக் குடுத்தது நான்தான்.

– நீங்களா?

– நீ வாரதுக்கு மொத நாள், பெண்கள் சங்க ஜெபம் முடிஞ்சதும் எல்லாத்தையும் உக்கார வச்சேன். ஞானரத்தினம் வாத்தியார் மக நாளைக்கி வாரா. அவகூட ஒரு ஆபீசரும் வாராராம். யாரும் அது இல்ல, இது இல்லன்னு அழுது அந்தப் பிள்ளையக் கேவலப்படுத்திராதிய. கேட்டா, ஒரு குறையும் இல்லன்னு ஒரே வார்த்தயில முடிச்சிரணும்னேன். வீட்டுல போயி ஆம்பளையளுக்கும் சொல்லிருங்கன்னேன். ஐயாதுரைக்கு நானே போயிச் சொன்னேன்.

– எதுக்கு பெரியம்மா? தறி போகப் போகுதுன்னு தெரிஞ்சும் எதுக்கு?

– இன்ஸ்பெக்சன்னு நினைச்சோம்ட்டி.

– எது இன்ஸ்பெக்சன்?

– உனக்கு நடக்குத இன்ஸ்பெக்சன். உங்க அப்பா வாத்தியாரா இருக்கையில வருசா வருசம் நம்ம மிஷன் பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வருவாரு. மறந்துட்டியா? அன்னைக்கி ஊரே குளிச்சு நிக்கும். பெஞ்சு பத்தாதுன்னு கோயில் பெஞ்சத் தூக்கிப் போடுவோம். சத்துணவு எப்படி, வாத்தியார் ஒழுங்கா வாராரா, கூரை ஒழுகுதான்னு இன்ஸ்பெக்டர் கேப்பாரு. மழ வந்தா பிள்ளையள் தலையில சிலேட்டக் கவுத்திக்கிட்டு இருக்கும். இருந்தாலும் ஒரு குறையும் இல்ல ஐயான்னு ஊரே சொல்லும். குறைன்னு ஒருத்தன் வாயத் திறந்துட்டா வாத்தியாருக்குத்தான கெட்ட பேரு. மாத்திட்டுப் போயிருவாவ.

– அப்பா மேல குறை வரக் கூடாதுன்னு.

– ஆமா. அதே மாதிரி நீ வந்த. கையில ஒரு பெரிய போன் மாதிரி டேப்லெட்ட வச்சிக்கிட்டு நீ கேள்வி கேக்க, உன் பின்னால ஒருத்தர் சட்டய இன் பண்ணிக்கிட்டு வாயத் திறக்காம நிக்காரு. நீ கேக்கதையும் பாக்காரு, நாங்க சொல்லுததையும் பாக்காரு, அப்பப்ப எதையோ குறிக்காரு. அவரு யாரு?

– சூப்பர்வைசர். நான் கேள்வியச் சரியாக் கேக்குறனான்னு பாக்க வந்தவரு.

– பாத்தியா. நாங்க நினைச்சது முழுசாத் தப்பில்ல. உனக்குத்தான் பரீட்சைன்னு நினைச்சோம். நம்ம ஊருல இருந்து மொத மொத ஒரு பொட்டப் பிள்ள ஆபீசராகி வாரா, நாம ஏதாவது கோணலாச் சொல்லி அவளுக்கு மார்க்கு குறைஞ்சிரக் கூடாதுன்னு நினைச்சோம். எங்க கஷ்டத்த அப்புறமா உங்கிட்ட தனியாச் சொல்லிக்கிடலாம், வாத்தியார் மகதான, எங்க போவான்னு இருந்தோம்.

– பெரியம்மா.

– அம்புட்டு வீடும் முடிச்சதும் நீ கார்ல ஏறிட்ட. பின்னால ஓடி வந்தேன். கையக் காட்டிட்டுப் போயிட்ட.

– நான் டாட்டா காட்டுறீங்கன்னு நினைச்சேன்.

– ஆமா, பொறவு நானும் காட்டுனேன். நீ பாஸ் ஆகிட்டன்னு எல்லாருக்கும் சந்தோசம். பியூலா கை தட்டுனா. அவ தறிய விக்கப் போறது தெரியாம கை தட்டுனா.

– உள்ளதச் சொல்லணும்னா, எனக்கு இந்தப் பால்கோவா இறங்கல மேடம்.

– நான் கிறுக்கி பெரியம்மா. எல்லா வீட்டுலயும் காப்பி போட்டுக் குடுத்தீங்க. எல்லாரும் துவைச்ச சேலை கட்டியிருந்தீங்க. என்னய வரவேற்குறீங்கன்னு பெருமையா இருந்துச்சு. நல்ல ஊரு, குறை இல்லாத ஊருன்னு ஒரு நிமிசம் நானே நம்பிட்டேன்.

– நீயும் கிறுக்கி, நானும் கிறுக்கி. உன்னய மட்டும் திட்டுனது தப்புதான். ஆனா திட்டாம இருக்க முடியல. இன்னைக்கி மேடையில உன்னயப் பாத்ததும் வயிறு எரிஞ்சு போச்சு. இனிமே ஒண்ணும் பண்ண முடியாது, அப்படித்தான?

– நான் எதுவும் சொல்லக் கூடாது பெரியம்மா.

– என்னத்துக்கு எடுத்ததுக்கெல்லாம் கூடாது கூடாதுங்க? எங்கிட்டச் சொல்ல என்ன? சரி விடு. தம்பி, ராஜபாளையம் வந்துட்டா?

– வந்துட்டோம் அக்கா. ரயில்வே கேட்டு போட்டிருக்கான். செங்கோட்டை வண்டி போயிட்டுத்தான் திறப்பான்.

– எனக்கு போன் அடிக்கி. இது யாரு நம்பர்? நம்ம பக்கத்து நம்பர் மாதிரி இல்ல. லோன் வேணுமான்னு கேக்கவனா இருப்பான், கட் பண்ணு.

– கட் பண்ணாதீங்க. எடுங்க பெரியம்மா. நான் இறங்குறேன்.

– ஏன், நீ எங்க போற? வெளிய தீயா அடிக்கி.

– அந்த மரத்தடியில நிக்கேன். நீங்க எடுங்க, கட்டாயிரும்.

– யாருட்டி போன்ல? என்ன பேசணும்?

– அத நான் சொல்லக் கூடாது. எடுங்க.

– இது என்ன கூத்து, கதவச் சாத்திட்டுப் போறா. தம்பி, இந்த போன்ல சத்தம் கம்மி, ஸ்பீக்கர்ல போடு. ஆங். அலோ, யாரு பேசுதது?

– வணக்கம்மா. தங்கபாய் அம்மாங்களா? என் பேர் மெர்வின். சென்னையில இருந்து பேசறேன். மருத்துவத் துணிப் பூங்கா சம்பந்தமா உங்க ஊர்ல ஒரு கணக்கெடுப்பு நடந்துச்சு இல்லைங்களா, அதைச் சரிபார்க்கறதுக்காகக் கூப்பிட்டேன். ரெண்டு மூணு கேள்விதான். பேசலாங்களா?

– சரிபார்க்கவா? அப்ப அத இன்னும் மாத்தலாமா ஐயா?

– நீங்க சொல்றதைப் பொறுத்தது அம்மா. பூங்கா வந்து, ஊர்த் தறிக்குக் கரண்ட் சலுகை நின்னு போனா, உங்க குடும்பத்துக்கு ஏதாவது குறை இருக்குங்களா?

– கர்த்தருடைய கிருபையால ஒரு…

– அம்மா? லைன்ல இருக்கீங்களா?

– இருக்கேன் ஐயா. செத்த பொறுங்க. வாய் தானா அங்கதான் போவுது. இருக்கு ஐயா. குறை இருக்கு.

– ஆனா முன்னாடி குறை இல்லைன்னு பதிவாகியிருக்கே.

– அது பொய் ஐயா. ஊரே பொய் சொல்லிச்சு. எங்களுக்குக் குறை சொல்லிப் பழக்கம் இல்ல. இப்ப சொல்லுதேன், எழுதிக்கிடுங்க. எங்க ஊருல மானாவாரி நிலந்தான், மழ இல்லன்னா அதுவும் இல்ல. தறிதான் சோறு போடுது. பொம்பளையள் வீட்டுல உலை கொதிக்கக் கொதிக்கத் தறியும் ஓட்டுதோம். பூங்காவுக்கு மூணு பஸ்ஸு மாறிப் போயி வாரதுக்கு எங்களால முடியாது. போனா பிள்ளையள யாரு பாப்பா? ஒருத்தி ஏற்கனவே தறிய வித்துட்டா. சலுகை போயிட்டுன்னா மத்தவளுவளும் விப்பாளுவ. பொறவு ஊருல ஒண்ணும் இருக்காது ஐயா. கோயில் மணி மட்டும் அடிக்கும்.

– புரியுதுங்கம்மா. மெதுவாச் சொல்லுங்க, எழுதறேன். ஏன் அன்னைக்கு எல்லாரும் அப்படிச் சொன்னீங்க?

– வந்த பிள்ளைக்குப் பரீட்சைன்னு நினைச்சிட்டோம். நாங்க நல்லபடியாச் சொன்னாத்தான் அது பாஸ் ஆகும்னு. கிராமத்து ஆளுக ஐயா, எங்களுக்கு அம்புட்டுத்தான் விவரம்.

– இப்படி ஒண்ணு நான் கேட்டதே இல்லைம்மா. நல்லவேளை சொன்னீங்க. பதில் முழுசா மாறுது. ஊர் முழுக்க மறுபடி கேக்கணும்னு எழுதிடறேன். அடுத்த வாரம் வேற ஆள் வருவாங்க. அவங்ககிட்டயும் இதே மாதிரி எல்லாரும் உள்ளதைச் சொல்லணும்.

– சொல்லுவோம் ஐயா. நான் வீட்டுக்கு வீடு போயி சொல்லச் சொல்லுதேன். நீங்க நல்லாயிருக்கணும். உங்க பிள்ளைகுட்டி நல்லாயிருக்கணும்.

– நன்றிம்மா. கடைசியா ஒண்ணே ஒண்ணு. இது வழக்கமா எல்லார்கிட்டயும் கேக்கறதுதான். உங்க ஊருக்குக் கணக்கெடுக்க வந்தவங்க ஒழுங்கா, மரியாதையா நடந்துக்கிட்டாங்களா?

– யாரு, ஸ்வீட்லினா? தங்கமான பிள்ள ஐயா. அது மேல ஒரு குத்தமும் எழுதிராதிய. தப்பெல்லாம் எங்க மேலதான்.

– சரிங்கம்மா, அது போதும்…

– போதாது ஐயா, நான் சொல்லுதேன், கேளுங்க. எங்க ஊரு வாத்தியார் மக. இன்னைக்கிக்கூட ஸ்ரீவில்லிபுத்தூர் கூட்டத்துல இருந்து வாரேன், பஸ்ஸு இல்ல, வெயில்ல நடக்கேன்னு, வலிய நிப்பாட்டி கார்ல ஏத்திட்டு வந்தது யாரு? அவதான். நான் வாய்க்கு வந்தபடி ஏசுனேன். ஒரு வார்த்த எதுத்துப் பேசல. தண்ணி குடுத்தா.

– அக்கா…

– சும்மா இரு தம்பி, பெரிய மனுசர்ட்ட பேசிக்கிட்டிருக்கேன்லா.

– அம்மா, இன்னைக்கா? இன்னைக்கு அவங்க உங்களைப் பார்த்தாங்களா?

– பாக்காம? கூட்டம் முடிஞ்சதுல இருந்து ஒண்ணாத்தான் வாரோம். நடந்தது அம்புட்டையும் உக்காந்து பேசுனோம். அழுதுட்டா பாவம்.

– இப்ப அவங்க எங்க இருக்காங்க?

– இந்தா, எதுக்க மரத்தடியில நிக்கா. நான் நிம்மதியாப் பேசட்டும்னு இறங்கிப் போயிட்டா. அம்புட்டு மரியாத தெரிஞ்ச பிள்ள.

– சரிங்கம்மா. நான் குறிச்சுக்கிட்டேன். வச்சிடறேன்.

– ரொம்ப சந்தோசம் ஐயா. வச்சிட்டாவ. நல்ல மனுசன், என்ன பொறுமையாக் கேக்காரு. என்ன தம்பி அப்படி முழிக்க? கேட்டு திறந்துட்டு பாரு, பின்னால ஆரன் அடிக்கான். அவள வரச் சொல்லு.

– மேடம், வாங்க. ஏறுங்க.

– பேசிட்டீங்களா பெரியம்மா? சதீஷ், ஏன் உங்க முகம் இப்படி இருக்கு?

– அவன் கிடக்கான். ஏறு, வேர்த்து ஒழுகுது உனக்கு. உள்ளது அம்புட்டையும் சொல்லிட்டேன்ட்டி, ஊர் பூராத் திரும்பக் கேப்பாவளாம். உன்னயப் பத்தியும் நல்லதா நாலு வார்த்த சொல்லிருக்கேன், என்னய கார்ல கூட்டிட்டு வந்தது, வெயில்ல நிக்கது, ஒண்ணு விடல. இந்தத் தடவையும் நீ பாஸ்தான்.